இரண்டு நூல் நிலா

என் பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டவர் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அப்படியொரு காகிதம் வாங்கியதில்லை. சித்தப்பா வீட்டில் தங்க வந்தபோது ஊரிலிருந்து அதை நெஞ்சோடு அணைத்துத்தான் கொண்டுவந்தேன். சித்தப்பா மேஜையில் விரித்து ஒருமுறை பார்த்தார். அளக்கிற டேப்பைத் தொடவில்லை. நேரே போய்க் கண்ணாடியை வெட்டிக்கொண்டு வந்தார். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைபோல் அது சட்டத்துக்குள் உட்கார்ந்தது.

கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருடம் வெட்டு மேஜையில் நின்றவர் அவர். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குக்குத் தொழிலில் 'நூல்' என்று பெயர். தெருவில் நின்றபடியே ஒரு ஜன்னலைப் பார்த்து, "இருபத்திரண்டே கால், ஒரு நூல் கம்மி" என்பார். டேப் பிடித்தால் அதேதான் வரும். அதனால் கடையில் அவர் நூலண்ணன். சித்தியிடம் கேட்டால், "நூல் விட்டுத்தானே என்னையும் கட்டிக்கிட்டாரு, அதுல வந்த பேரு" என்பாள்.

சித்தப்பாவுக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "எந்தப் பொருளாவது இருக்கிறதைவிடப் பெருசாவோ சிறுசாவோ தெரிஞ்சா அன்னிக்கே வந்துடுங்க" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். "கண்ணு சரியா இருந்தா திங்கக்கிழமை மேஜைக்கு வாங்க. இல்லேன்னா என்ன, கல்லா பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுடலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்த நாற்காலியை நினைத்து சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போர்வை எடுக்கப் போனவர் இறங்கி வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். கிழக்கே பார்த்து நின்றிருந்தார். வலது கண்ணைப் பொத்தினார், திறந்தார். இடது கண்ணைப் பொத்தினார், திறந்தார்.

"நாளைக்கு நான் போகலடா."

"ஏன் சித்தப்பா?"

"கண்ணு போச்சு. போனது போகட்டும்னா, இடது கண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. அங்க பாரு."

கிடங்குக் கூரைகளுக்கு மேலே நிலா எழுந்திருந்தது. செம்மஞ்சள் நிறத்தில் அப்படியொரு நிலாவை நான் பார்த்ததே இல்லை. தூரத்துத் தண்ணீர்த் தொட்டி அதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான்போல் தெரிந்தது.

"நிஜமாவே பெருசாத்தான் இருக்கு சித்தப்பா."

"என்னைத் தேத்தாத. அரை அடிக்கும் முக்கால் அடிக்கும் வித்தியாசம் தெரியாதவன் நீ. எனக்கு ஒன்றரை அடி தெரியுது. நிலா என்ன ஒன்றரை அடியா?"

இந்தக் கேள்வி நான் எழுதிய எந்தத் தேர்விலும் வரவில்லை.

"ஒரு போர்வைய எடுக்க ரெண்டு ஆம்பளைங்களுக்கு அரை மணி நேரமா?" என்று கேட்டபடியே படியேறி வந்த சித்தி, பாதிப் பேச்சில் நின்றாள். "அம்மாடியோ! என்னங்க இது, அண்டா மூடி மாதிரி வந்து நிக்குது!"

சித்தப்பா சட்டென்று திரும்பினார். "உனக்கும் அப்படியா தெரியுது?"

"ஏன், எனக்கு மட்டும் கடுகு மாதிரி காட்டுமா?"

சித்திக்குத் தேற்றத் தெரியாது. அவருக்குக் காய்ச்சல் கண்டால்கூட, "மழையில நனைஞ்சா காய்ச்சல் வராம கடுதாசியா வரும்?" என்று கேட்பவள். அதனால் சித்தப்பா பாதி நம்பினார். மீதிப் பாதிக்காகச் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். கையை நன்றாக நீட்டி, நிலாவின் குறுக்கே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"ரெண்டு நூலு," என்றார் கடைசியில். "முழுசா ரெண்டு நூல்கூட இல்ல."

என்னையும் பிடிக்கச் சொன்னார். சித்தியையும் பிடிக்கச் சொன்னார். எங்களுக்கும் அதேதான். சித்திக்கு மட்டும் ஒரு மயிரிழை கூடியது. "உன் கை குட்டை, டேப்பு கண்ணுக்குக் கிட்ட வருதுல்ல, நிலாவுக்கு அளவு கூடத்தான் வரும்... இல்ல இல்ல, குறையணும். திரும்பப் பிடி" என்று விடாமல் பிடிக்கவைத்தார். சித்தியின் கை ஆடியிருந்தது. மறுமுறை குறைந்தே வந்தது.

சாப்பிட்டுவிட்டு மறுபடி மாடிக்குப் போனோம். நிலா மேலே ஏறி, வெளுத்து, சட்டைப் பொத்தானாகச் சுருங்கியிருந்தது. சித்தப்பா டேப்பைப் பிடித்தார். அதே இரண்டு நூல், கொஞ்சம் குறைய.

"அடப்பாவி!" நிலாவைப் பார்த்தே சிரித்தார். "கீழ நின்னுக்கிட்டு என்னா பவுசு காட்டுச்சு! ஊரையே ஏமாத்தியிருக்கு. நான் என்னமோ என் கண்ணைப் போட்டுத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அங்கேயே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தார். "முதலாளி, நான்தான். காலையில மேஜைக்கு வர்றேன்... கண்ணா? இப்பதான் நிலாவை அளந்துட்டு நிக்கிறேன்... இல்லைங்க, குடிக்கல."

சித்தப்பா கீழே போய்ப் படுத்தார். சித்தி கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தோடு வந்தபோது குறட்டை கேட்டது. இந்த மூன்று வாரத்தில் அவர் இப்படித் தூங்கி நாங்கள் பார்க்கவில்லை. "எழுப்பினாத்தானே மருந்து விட முடியும்," என்று முணுமுணுத்தவள், எழுப்பாமல் சற்று நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.