பரவாயில்லை அண்ணனின் முழங்கை

தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் பலர்க்குத் தெரியாது. பாதித் தலை வெட்டுகையில் மின்சாரம் போனாலும், மழையில் கூரை ஒழுகினாலும் அவர் வாயில் எழுவது ஒரே சொல்லாதலால், ‘பரவாயில்லை அண்ணன்’ என்பதே நிலைத்த பெயராயிற்று.

அவருடைய வலது முழங்கைத் தசைநாண் மட்டும் அத்தகைய பொறுமை கொள்ளவில்லை. ஆண்டுக்கணக்கில் கத்தரி பிடித்த கை, தேநீர்க் கோப்பையைத் தூக்கவும் தயங்கியது. தைலமும் மாத்திரையும் தோற்றன. கை தேறாவிடில் கடையை மூடுவதன்றி வழியில்லை என்ற நிலையில், எந்த ஊசி வலியைத் தணிக்கும் என்றறியும் மருத்துவமனை ஆய்வொன்றில் சேர்ந்தார். சிலருக்கு அவரவர் குருதியிலிருந்தே பிரித்தெடுத்த தெளிநீர். சிலருக்கு வேறு மருந்து. குருதி எடுத்ததோ எல்லாரிடமும். ஊசிக்குழலைத் தாள் சுற்றி மறைத்திருந்தமையால், தமக்கு ஏறியது எதுவென்று அவரறியார். பின்னர் வலியை விசாரிக்கும் செவிலியும் அறியார்.

சில வாரங்கள் சென்றன. செவிலி கேட்டார்.

“வலி எப்படி இருக்கு அண்ணே? சுத்தமா இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து.”

“பரவாயில்லம்மா. ரெண்டுன்னு போட்டுக்குங்க.”

வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டார்.

“ரெண்டா? காலையில உங்க சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?”

“அந்தப் பொண்ணு எவ்வளவு அன்பா கேக்குது! வலிக்குதுன்னா முகம் வாடிடும். அதுவும் போக, இந்த ஆளுக்கு ஊசி வேலை செய்யலன்னு ஆய்வுலேருந்து கழட்டி விட்டுட்டாங்கன்னா?”

“ஏங்க, கண்ணாடியப் பாத்து ‘நல்லாருக்கு’ன்னு சொல்லிட்டு, அடுத்த மாசம் எதிர்க்கடைக்குப் போறவங்கள நீங்க என்னன்னு திட்டுவீங்க?”

அண்ணன் நின்றார். அத்தகையோரை அவர் நன்கறிவார். குறையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அங்கேயே திருத்தியிருப்பாரே! வந்த வழியே திரும்பினார்.

“அம்மா, அந்த ரெண்ட அடிச்சிடுங்க. ஏழு. உங்க மனசு நோகக்கூடாதேன்னு சொல்லிட்டேன்.”

செவிலிக்கு முகம் வாடவில்லை, மலர்ந்தது. “நல்ல வேளை சொன்னீங்க. எல்லாரும் இப்படி மனசு பாத்துச் சொன்னா, கேக்காத மருந்தக் கேக்குதுன்னு நாங்க நம்பிடுவோமே! யாரையும் கழட்டி விடமாட்டோம். வலி குறையாதவங்களுக்கு, ஆய்வு முடிஞ்சதும் இன்னொரு ஊசி இருக்கு. அதுவரைக்கும் கைப்பயிற்சிய விட்டுடாதீங்க.”

ஆய்வு முடிந்தது; அந்த ஊசியும் போடப்பட்டது. மனைவியின் காவலில் நாள்தோறும் பயிற்சி நடந்தது. ஏழு ஐந்தாகி, ஐந்து இரண்டாயிற்று; இம்முறை மெய்யான இரண்டு.

“குணமாக்கினது ஊசியா, பயிற்சியா?” என்று வியந்தார் அண்ணன்.

“என் வாய்” என்றார் மனைவி.

மறுவாரம் வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியைப் பார்த்தவாறே, “நல்லாருக்கு அண்ணே” என்றார்.

“உண்மையச் சொல்லுங்க.”

அவர் நெளிந்தார். “அது வந்து... இடது காதுக்கு மேல கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது.”

“இதச் சொல்றதுக்கு என்ன தயக்கம்?” என்று மகிழ்ந்த அண்ணன், முழங்கையை நினையாமலே கத்தரியை உயர்த்தினார்.