ஈப்போவிலிருந்து கோப்பெங்குக்கு, ஒரு சிட்டிகை சாம்பலோடு

ஈப்போ ரயிலடியில் நான் இறங்கியபோது காலை எட்டு மணி. கையில் ஒரு தகரப் பெட்டி. அது நிறைய, மதுரையில் நானே இடித்துச் சலித்த பல்பொடி. மலாய் நாட்டில் பல் விளக்காதவர்கள் பெருகிக் கிடப்பார்கள் என்று நம்பிக் கப்பலேறியவன் நான். ஒரு வாரம் பினாங்கில் சுற்றியதில் எதிர்ப்பட்ட பற்களெல்லாம் என்னுடையவற்றைவிட வெள்ளையாக இருந்தன.

என்னை அழைத்துப்போக வந்தவன் என் மனைவியின் தம்பி சின்னையா. ஈயச் சுரங்கம் வைத்திருக்கும் ஒரு சீன முதலாளியிடம் மோட்டார் ஓட்டுகிறான். முதலாளியை இங்கே தவுக்கே என்கிறார்கள். வண்டி பந்தயத்துக்கென்றே சீமையில் செய்தது. முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் மூடியைத் திறந்தால் ஓர் ஆள் ஒடுங்க இடமிருக்கும். மணிக்கு எழுபது மைல் போகும் என்றான். பல்பொடிக்கு அவ்வளவு அவசரமில்லை என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், இன்னிக்கு இந்த வண்டி கோப்பெங் போய்ச் சேரணும். தவுக்கே அங்க சுரங்கத்துல இருக்காரு. மறுபடி பேரிங் போச்சுன்னா என்னை நிறுத்திருவேன்னு சொல்லிட்டாரு. வேலை போனா வீடும் போச்சு லா. அவ வேற மாசமா இருக்கா."

பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது இந்த நாட்டு வழக்கமாம். எஞ்சினுக்குள் தண்டு சுழலும் இடத்தில் வெள்ளை உலோகத்தில் வார்த்த ஒரு வளையம் உண்டாம். அதுதான் பேரிங். வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியது, இந்த வண்டியில் மட்டும் மாதத்துக்கு ஒன்று தேய்ந்துபோகிறது. முதலாவது, தவுக்கே பந்தயத்தில் விரட்டியதில் உருகியது. அதன் பிறகு போட்ட இரண்டும் ஏன் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. சின்னையா ஓட்டும் லட்சணம்தான் காரணம் என்று தவுக்கே முடிவு கட்டிவிட்டார்.

கோப்பெங் ஈப்போவுக்குத் தெற்கே பன்னிரண்டு மைல். சுண்ணாம்பு மலைகள் பாதையோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு விலகின. ஈயம் தோண்டிய பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நின்றது. ஏழாவது மைலில் ரப்பர்த் தோட்டம் தொடங்கியதும் வெயில் அணைந்ததுபோல் ஆயிற்று. ரப்பர் விலை விழுந்ததில் மூடிய தோட்டம். ஆட்களை ஊருக்கு அனுப்பி இரண்டு வருஷமாகிறது. அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் வரிசையாக நின்றன. கதவுகளின் மேல் கொடி படர்ந்திருந்தது.

அங்கேதான் எஞ்சினுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். டொக், டொக்.

சின்னையா எஞ்சினை அணைத்தான். தட்டுவது நிற்கவில்லை.

அணைத்த பிறகும் தட்டுவது பந்தய வண்டிகளின் விசேஷம் போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த டொக் லயத்தின் தகரக் கூரையில் கேட்டது. அதற்கடுத்தது என் முதுகுக்குப் பின்னால். நான் பல்பொடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டேன்.

"ரப்பர்க் காய் வெடிக்குது மச்சான். கொட்டை தெறிக்கும். பெட்டியை விடுங்க, அது உங்களைக் காப்பாத்தாது."

லயத்துக் கோடியில் ஒரு கல்லும் சூலமும் தெரிந்தன. முனியாண்டி என்றான். போய்க் கும்பிட்டு, நெற்றி நிறையச் சாம்பலும் விரலிடுக்கில் ஒரு சிட்டிகையுமாகத் திரும்பி வந்தான். எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தச் சிட்டிகையைப் பயபக்தியோடு உள்ளே போட்டான்.

"இதென்ன?"

"காவலுக்கு. மொத பேரிங் போனதுலேர்ந்து போடுறேன். இந்தப் பக்கம் வாரப்பல்லாம் ஒரு சிட்டிகை. தட்டுச்சுன்னா ரெண்டு."

எஞ்சினைப்பற்றி நான் அறிந்தது, வேட்டியோடு அதன் அருகில் நிற்கக்கூடாது என்பது மட்டுமே. சாம்பல் விஷயம் வேறு. சலிக்காத சாம்பலைப் பொடியில் கலந்து ஒரு வாடிக்கையாளரின் பல்லை அரைத்தே போட்டவன் நான். கொஞ்சம் எண்ணெய் இறக்கச் சொல்லி விரலில் தேய்த்துப் பார்த்தேன். நறநறத்தது.

"சின்னையா, நீ ஓட்டுறது மோட்டார் இல்ல, அம்மி."

"சாமியைக் குறை சொல்றீங்களா?"

"சாமியை இல்ல. சலிக்காததைச் சொல்றேன்."

அவனுக்கு நிரூபித்துக் காட்ட ஒரு கை சாம்பல் அள்ளப் போனேன். புல் மண்டிய பாதையில் அவன் கால்பட்ட தடம் ஒன்றே இருந்தது. சாம்பலில் கைவைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சூடு. கிளறினால் அடியில் கங்கு.

"யாருடா இங்க நெருப்பு மூட்டறது?"

"எப்ப வந்தாலும் சூடாத்தான் இருக்கும். தவுக்கே ஆள் வெச்சிருக்காரு போல."

நான் வண்டிக்குத் திரும்பிய வேகம் மணிக்கு எழுபது மைலுக்குக் குறையாது.

மறுபடி முடுக்கிப் பார்த்தால் எஞ்சினுக்குள்ளும் தட்டியது; பேரிங் தேய்ந்திருந்தது. என் இடுப்புத் தோல்வாரை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, தேய்ந்த பேரிங்குக்குப் பதிலாகச் சுற்றினான் சின்னையா. மெதுவாகப் போனால் தாங்குமாம். இறக்கிய எண்ணெயை என் சரிகைத் துண்டில் நாலு மடிப்புக் கட்டி வடித்தோம். ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் பெட்டியையும் பிடித்தபடி, மாட்டுவண்டிகள் எங்களை முந்திப்போக, பிற்பகல் இரண்டு மணிக்குக் கோப்பெங் சேர்ந்தேன்.

தவுக்கே சுரங்கத்துக் கொட்டகை வாசலில் நின்றார். சின்னையா ஒன்றையும் மறைக்கவில்லை. துண்டில் தங்கிய மண்டியைக் காட்டி, மலாயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலைகுனிந்தான். தவுக்கே மண்டியைத் தொட்டுத் தேய்த்தார். வெகுநேரம் தேய்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"என்னடா, நிறுத்திட்டாரா?"

சின்னையாவுக்கு வாய் மூடவில்லை. "அவரும் போட்டாராம் மச்சான். தனியா ஓட்டி வாரப்பல்லாம் அதே கல்லுகிட்ட நின்னு, அதே சாம்பலை எடுத்து. அவருக்கும் அந்த எடம் பயமாம் லா."

ஆளை நிறுத்துவதென்றால் தவுக்கே தம்மிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே வேலை தப்பியது. புதுப் பேரிங் போடச் சொல்லி உத்தரவானது. எனக்கு மூன்று காசுத் தேநீரும் கட்டிக்கொள்ள ஒரு சணல் கயிறும் கிடைத்தன.

தேநீர் தந்த துணிச்சலில், நெருப்பு மூட்ட யாரை வைத்திருக்கிறார் என்று கேட்கச் சொன்னேன். சின்னையா கேட்டான். தவுக்கே அவனையே பார்த்தார்.

"நான்தான் மூட்டுறேன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தாராம்."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

மூன்றாம் நாள் காலை தவுக்கேயோடு ஈப்போவுக்குப் புறப்பட்டோம். புதுப் பேரிங், சலித்த எண்ணெய், பூனை உறுமுவதுபோல் எஞ்சின். மதுரையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சாம்பல் சூடாயிருந்தால், தீக்குச்சி மிச்சம் என்று கரண்டியோடு ஓடுவோம். மூட்டிய கை யாருடையது என்று கேட்டதில்லை. பின்னிருக்கையில் ஒடுங்கிக்கொண்டு இதை யோசித்துவந்தேன். கோப்பெங்கைத் தாண்டிப் பாதை பிரிந்தது; நேர்ப்பாதை அந்தத் தோட்டம் வழி. அங்கே சின்னையா வேகத்தைக் குறைத்துத் தவுக்கேயைப் பார்த்தான். தவுக்கே மலையைப் பார்த்தார். சின்னையா என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பல்பொடிப் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தேன்.

வண்டி இடப்பக்கம், பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் சாலையில் திரும்பியது. அது ஏழு மைல் சுற்று.