மேளத்துக்குப் பழகிய குதிரை

எங்கள் வீட்டில் குதிரைக்கு முதலாளிகள் இரண்டு பேர். என் மாமனார் ஒருவர், என் கணவர் ஒருவர். கொள்ளு ஊறப்போட, லத்தி அள்ள, ஈ மொய்க்கும் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவ மட்டும் ஒரே ஒருத்தி. பந்தயத்தில் ஜெயித்த கோப்பைகளைக் கூடத்து அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு போட்டோ. எதிலும் நான் இல்லை. அதைச் சொல்லிக் காட்டினால், "பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கும்மா அந்த வெயிலு" என்பார் மாமனார். லத்தி அள்ளும்போது முதுகில் அடித்த வெயில் வேறு வெயில் போலிருக்கிறது.

பந்தயம் என்றால் பெரிய மைதானம், மேடை என்று நினைக்க வேண்டாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் தார் ரோட்டில் நடத்துகிற குதிரை வண்டிப் பந்தயம்தான். ஊர் எல்லையில் கிளம்பி, தூரத்தில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். குதிரை நடையோட்டமாகத்தான் ஓட வேண்டும். நான்கு காலையும் சேர்த்துப் பாய்ந்துவிட்டால் பைக்கில் கூடவே வருகிற ஆள் கையைக் காட்டிவிடுவார், அந்த வண்டி அதோடு வெளியே. அதனால் வேகத்தைவிட நடையின் அடக்கத்துக்குத்தான் மதிப்பு. அடக்கம் என்ற சொல் என் புகுந்த வீட்டில் எனக்கும் குதிரைக்கும் பொதுவாகப் புழங்கியது.

இராஜபாளையத்தில் எங்களுக்கு பேண்டேஜ் துணி நெய்கிற சின்ன யூனிட் இருக்கிறது. தறிகளைப் பார்த்துக்கொள்வது கணவர் வேலை. மாமனார் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வந்ததில் இருந்து வீட்டில் எப்போதும் ஒரு குதிரை உண்டு. ஒன்று போனால் இன்னொன்று வரும். அப்படி வந்ததுதான் செவலை.

அது மம்சாபுரம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவரிடம் இருந்தது. மேளத்துக்கு ஆடுகிற நாட்டியக் குதிரை. ஏதோ ஒரு ஊர்வலத்தில் அது முன்கால்களை மடக்கித் தூக்கி வைப்பதைக் கணவர் பார்த்துவிட்டார். "அந்தக் கால் வீச்சப் பாருங்கப்பா, வண்டியில பூட்டுனா எவனும் பக்கத்துல வர முடியாது" என்று அப்பாவிடம் ஒரு வாரம் அனத்தி எடுத்து, கடைசியில் வாங்கியே விட்டார்.

கொண்டுவந்து விட்ட அன்று விற்றவர் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். எப்படி ஆடப் பழக்கினீர்கள் என்று மாமனார் கேட்டார். அவர் பலகாரத்துக்குப் பக்குவம் சொல்கிற மாதிரி சொன்னார். "அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல அண்ணாச்சி. அசைய விடாமக் கட்டிப் போட்டிரணும். மேளத்த அடிக்கையில மூங்கிக் கம்ப வெச்சு முட்டுக்குக் கீழ ஒரு தட்டு. அடி விழுமுன்ன காலத் தூக்கிரணும்னு பொறவு அதுக்கே தெரிஞ்சிரும்." டம்ளரை வாங்க நான் நின்றுகொண்டிருந்தேன். காபியில் சர்க்கரை சரியாக இருந்ததா என்று அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மூங்கிலைப் பற்றி மட்டும் இன்னொரு முறை சொன்னார்.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேர் ஓடும் வீதிக்கு அடுத்த சந்தில். மேளச் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுகிற வீடு எங்களுடையது. சாமி வருகிறது, கூட்டம் வருகிறது, யாராவது பூ கொடுப்பார்கள். மேளம் என்றால் எனக்கு அவ்வளவுதான். அதைக் கேட்டு ஒரு உயிர் நடுங்கும் என்பது எனக்குத் தெரியாது.

செவலை வந்த இரண்டாவது வாரம் எங்கள் தெருவில் ஒரு சடங்கு வீட்டுச் சீர் மேளத்தோடு போனது. கொட்டிலில் கட்டியிருந்த செவலை ஆட ஆரம்பித்தது. தெருவே சீரை விட்டுவிட்டு எங்கள் வாசலில் கூடிவிட்டது. ஆளாளுக்குப் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். "எம்புட்டு அழகா ஆடுது" என்று பக்கத்து வீட்டு அக்கா கையைத் தட்டினாள். நான் உள்ளே இருந்ததால் எனக்கு மட்டும் மற்றது தெரிந்தது. செவலைக்கு வயிறு கலங்கிக் கழிந்துகொண்டே இருந்தது. கண்ணில் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. மேளம் தெருமுனை தாண்டிப் போன பிறகும் செத்த நேரம் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. நான் குனிந்து காலைத் தடவினேன். முட்டிக்குக் கீழே எலும்போடு எலும்பாக மேடு மேடாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. "இனிமே நீ ஆட வேண்டாம்டி" என்று அதன் காதுக்கு அருகில் சொன்னேன். கேட்க யாரும் இல்லை என்ற தைரியத்தில் சொன்ன சொல்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே.

ஆண்களுக்கு வேறு கவலை. எந்தக் கொடையில் மேளம் இல்லை? எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் அடிப்பார்கள். ஜெயிக்கிற நேரத்தில் இது நின்று ஆட ஆரம்பித்தால் போட்ட பணமும் பட்ட பாடும் தண்ணீரில் போய்விடும். கணவர் தறிக்காரர் புத்தியில் ஒரு வழி கண்டுபிடித்தார். யூனிட்டில் இருந்து நல்ல வெள்ளைப் பஞ்சைக் கொண்டுவந்து உருட்டி இரண்டு காதிலும் அடைத்தார். செவலை தலையை உதறியதில் ஒன்று பறந்து போய் மாமனார் தோளில் விழுந்தது. அதை எடுத்து இன்னும் அழுத்தி அடைத்து, வண்டியில் பூட்டிப் பார்த்தார். பஞ்சு காதில் நின்றவரைக்கும் கணவர் "ஹோ" என்று கத்தியதும் அதற்குக் கேட்கவில்லை. வண்டியோடு அவரைக் கருவேலம் முள்ளுக்குள் கொண்டுபோய்ச் சொருகியது. அதற்குப் பிறகுதான், "சரி, நீதான் பாரேன்" என்று என்னிடம் விட்டார்.

நான் கடலை எண்ணெய் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் தறியில் ஆள் மாறுகிற நேரத்துக்கு, கொட்டிலுக்கு எட்டத்தில் இருந்த தென்னைக்கு அடியில் நின்று கரண்டிக் காம்பால் ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டு ஓடிப் போய் ஒரு கை கொள்ளு கொடுப்பேன். காலைத் தூக்கினால் மறுநாளும் அதே இடத்தில் நின்றுதான் தட்டுவேன். தூக்காமல் நின்றால் மறுநாள் ஒரு அடி முன்னே வருவேன். இப்படி ஒன்பது மாதம். "என்னம்மா, குதிரைக்குக் கச்சேரியா" என்று மாமனார் கேட்காத நாள் கிடையாது. தென்னையில் இருந்து கொட்டில் வாசலுக்கு நான் வந்து சேர ஐந்து மாதம் ஆனது. பிறகு ஒரு தட்டு இரண்டானது, இரண்டு தாளமானது. கடைசியில் தெரிந்த தவில்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வந்து முற்றத்தில் உட்கார வைத்தோம். அவர் வாசிக்க வாசிக்கச் செவலை அசைந்து அசைந்து போய் அவர் மடியில் மூக்கை வைத்துத் தேடியது. நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

காலையில் கணவர் பழக்குவார். முள்ளுக்குள் போன அனுபவத்தில், முதலில் வெறும் டயரைக் கட்டி இழுக்க வைத்தார், பிறகு வெறும் வண்டி, பிறகு ஆளோடு வண்டி. கண்மாய்க் கரையில் போய் வருவார்கள். அவர் சாட்டையைத் தொட்டதே இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். திரும்பி வந்ததும் அன்றைக்கு நடை எப்படி, மூச்சு எப்படி என்று என்னிடம் சொல்வார். டின் பழக்கம் எந்த மட்டில் இருக்கிறது என்று நான் சொல்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த ஒன்பது மாதத்தில்தான்.

முதல் பந்தயம் கான்சாபுரம் பக்கத்தில் ஒரு ஊர்க் கொடையில். "நீயும் வா, உன்னப் பாத்தாத்தான் அது நிதானமா நிக்குது" என்றார் கணவர். நான் இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை போட்டோவில் நிற்கலாம் என்ற ஆசை எனக்கு இருந்தது. மறைப்பானேன்.

எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் பெண்கள் நின்ற இடத்தில் நின்றேன். எதிர்ப்புறம் நையாண்டி மேளக்காரர்கள். வண்டிகள் மலைப் பக்கமாகக் கிளம்பிப் போய் வெகு நேரம் வெறும் ரோடுதான் இருந்தது. பிறகு செவலை வந்தது. தன்னந்தனியாக வந்தது. அடுத்த வண்டி எங்கேயோ பின்னால் கிடந்தது. காலை மடக்கித் தூக்கி வீசி, ஒரு பாய்ச்சல் இல்லாமல், அளந்து வைத்த மாதிரி வந்தது. கணவர் வண்டியில் முன்னால் குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். அதுவரை சும்மா நின்ற மேளக்காரர்கள் முதல் வண்டியைக் கண்டதும் அடிக்க ஆரம்பித்தார்கள்.

ஆடிவிடக் கூடாது, ஆடிவிடக் கூடாது என்று நின்றேன். செவலை ஆடவில்லை. வேகத்தைக் குறைத்தது. காது இரண்டையும் முன்னால் நீட்டியது. கணவர் வாரைப் பிடித்து இழுக்க இழுக்க, கோட்டுக்குப் பத்தடி முன்னால் ரோட்டை விட்டு இறங்கி, வண்டியையும் இழுத்துக்கொண்டு நேரே மேளக்காரரிடம் போனது. தவில் அடித்தவரின் இடுப்பில் மூக்கை வைத்துக் கொள்ளு தேடியது.

பின்னால் வந்த வண்டி கோட்டைத் தாண்டியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு விஷயத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த இடத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்கு மேளத்தைப் பார்த்துப் பயம் இல்லை. துளிகூட இல்லை. அதன் பிறகுதான் கணவர் முகத்தைப் பார்த்தேன்.

நின்ற இடத்திலேயே மேளம் கேட்டால் கொள்ளு என்று பழக்கிய நான், ஓடும்போது மேளம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கவே இல்லை. அந்தப் புத்தி எனக்கும் வரவில்லை, குதிரை ஓட்டுகிற அவருக்கும் வரவில்லை. ஆனால் பழி விழ ஒரு இடம்தானே வேண்டும். "ஏம்மா, பந்தயக் குதிரைய நாய்க்குட்டி ஆக்கிட்டியே" என்றார் மாமனார், திரும்பி வருகிற வேனில் எல்லார் முன்னாலும். கணவர் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் நானே போய், ரெண்டு மாசம் கொடுங்க, வண்டியில் போகும்போதே பக்கத்தில் டின்னைத் தட்டிச் சரி பண்ணிவிடலாம் என்றேன். "நீ பழக்குனது போதும்" என்றார்.

அதற்குள் அந்தச் சிரிப்பு வீடியோவாக எல்லார் போனிலும் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ஒருவர் வந்தார். அவரும் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். கையோடு ஒரு தவிலையும் கொண்டுவந்து முற்றத்தில் நின்று அடித்துப் பார்த்தார். செவலை அவிழ்த்துவிட்டதும் ஆசையாக அவரிடம் போனது. "மேளத்தக் கண்டா ஒதுங்காம தானா வருதே அண்ணாச்சி, இந்த மாதிரி எங்க தேடினாலும் கெடைக்காது" என்றார். ஆடுமா என்று கேட்டார்.

"முன்ன ஆடிக்கிட்டு இருந்ததுதான்" என்றார் கணவர்.

"அப்ப காலு மறந்திருக்காது. நாலு தட்டு தட்டுனா வந்திரும்."

"அடிப்பீங்களா?" என்று நான் கேட்டேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை என்பது தெரிந்தும் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அடிக்காம எப்படிக்கா ஆடும்?"

அவர் போனதும், விற்க வேண்டாம் என்று கணவரிடம் கெஞ்சினேன். "ஓடாத குதிரைய வெச்சு என்ன செய்ய? உங்க அய்யா வீட்டு வாசல்ல கொண்டு போயிக் கட்டவா?" என்றார். சாட்டையைத் தொடாத மனுஷர்தான். வாய்க்கு மட்டும் அந்தத் தயவு கிடையாது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் என்மேலேயே. பயம் இருந்தவரைக்கும் அது மேளத்தைக் கண்டு நடுங்கவாவது செய்தது, எங்கள் வாசலுக்கு எவனும் அதை விலை கேட்டு வரவில்லை. அதையும் நான் ஒன்பது மாதம் கூடவே இருந்து எடுத்துவிட்டேன். இனி அது மூங்கில் இருக்கிற இடத்துக்குத் தானாகவே நடந்து போகும்.

மறுநாள் காலையில் லோடு வண்டி வந்தது. பின்பக்கம் பலகை சாய்த்து வைத்தார்கள். செவலை ஏற மாட்டேன் என்றது. முன்னால் இருவர் இழுத்தார்கள், பின்னால் இருவர் தள்ளினார்கள். பலகையில் காலை வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தது. மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் பொறுமை போய் வண்டிக்குள் இருந்து கம்பை எடுத்தார். கணவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, அந்த டின்ன எடுத்துட்டு வா."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இந்த ஒரு அடியாவது என் கண் முன்னால் விழாமல் இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டின்னை எடுத்துக்கொண்டு பலகை வழியாக வண்டிக்குள் ஏறி, கடைசி மூலையில் நின்று தட்டினேன்.

கயிற்றை விட்டுவிட்டார்கள். யாரும் தள்ளவில்லை. காதை முன்னால் நீட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, செவலை பலகையில் ஏறி நேரே என்னிடம் வந்தது. டின்னுக்குள் மூக்கை விட்டுத் துழாவியது.

நான் கொள்ளு எடுத்து வந்திருக்கவில்லை.