முடியாது என்று சொல்ல வராத மனிதர்

என் கணவர் ராணுவத்தில் பயிற்சி சார்ஜண்டாக இருந்தவர். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சிக்கு வரும் பையன்களை வெயிலில் ஓடவிட்டு, தொண்டை கிழியக் கத்தி, வீட்டுக்கு வரும்போது குரலே இருக்காது. ஒரு பயிற்சியின்போது அவர் உட்கார்ந்திருந்த லாரி சரிவில் கவிழ்ந்தது. முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கொஞ்ச காலம் மேசை வேலை கொடுத்தார்கள், பிறகு ஓய்வு பெற்றுவிட்டார். உடற்குறைக்கென்று ஒரு சிறிய உதவித்தொகை வந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. குளியலறையில் தனியாக நிற்க முடியவில்லை. நான் பார்த்துவந்த பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டு பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்தேன். பாதிப்பின் அளவை உயர்த்திக் கணக்கிடும்படியும், பராமரிக்கும் குடும்பத்துக்கான உதவியைத் தரும்படியும் விண்ணப்பித்தோம். மறுத்துவிட்டார்கள். அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்கிறார் என்பது காரணம். மருத்துவப் பரிசோதனையில் என்ன கேட்டாலும் இவர் "ஓகே சார், நோ ப்ராப்ளம்" என்று சொல்லியிருக்கிறார். அறையில் நான் இல்லை.

மேல்முறையீடு செய்தோம். விசாரணைக்கு முந்தின வாரம் என் மகள் சாப்பாட்டு மேசையில் இவரை எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள்.

"அப்பா, நான்தான் டாக்டர். ஷூ நீங்களே போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேன்."

"ஐயோ அப்பா! டெய்லி யாரு போட்டு விடுறா?"

"அம்மா. அவளுக்கு அவசரம், அதனால போட்டு விடுறா."

"உண்மையச் சொல்லுங்கப்பா. சீரியஸ்லா."

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படியிலிருந்து கத்தினேன். "அங்க போயி இப்படிப் பேசினீங்கன்னா நான் பாதியில எந்திரிச்சு வந்துடுவேன்." சரி சரி என்றார்.

விசாரணை நாளன்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மருத்துவர், ஓர் அதிகாரி, நடுவில் நரைத்த தலையோடு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர். அந்த நடுவிலிருந்தவரைப் பார்த்ததும் என் கணவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு விறைப்பாக நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் ஒரு கணம் நின்றார். என்னைப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கேட்டால் மட்டும் பேசலாம் என்றார்கள்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். சமாளிக்கிறேன் சார் என்றார். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றார்கள். கடை வரைக்கும் என்றார். கடை எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழேயே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. நான் கையைத் தூக்கினேன். "அப்புறம் கேட்கிறோம் மேடம்" என்றார் மருத்துவர், மரியாதையாகத்தான்.

அப்போது மருத்துவரின் பேனா மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. அவர் அசைவதற்குள் என் கணவர் குனிந்து அதை எடுத்து நீட்டிவிட்டார்.

"தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு, மருத்துவர் அந்தப் பேனாவாலேயே எதையோ எழுதினார்.

கடைசியில் என்னைக் கேட்டார்கள். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, படுக்கையிலிருந்து தூக்குவது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, இப்போதுதான் குனிந்து எழுந்த ஓர் ஆளைப் பற்றிப் பொய் சொல்கிற மாதிரியே எனக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் தேக்காவில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். சாப்பாட்டுக் கடையில் அவரால் உட்கார முடியவில்லை. முகம் வெளுத்து, தூணைப் பிடித்துக்கொண்டே நின்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பிரியாணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு அழுகையும் கோபமுமாகக் கேட்டேன்.

"யாருங்க உங்கள எடுக்கச் சொன்னா? பேனா கெடந்தா கெடக்கட்டுமே!"

"கை தானா போயிடுச்சும்மா."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிடும்?"

தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு சொன்னார். "வலிக்குதுன்னு வந்த பையனுங்கள நான் என்னன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? கெங், கெங்னு சொல்லியே ஓடவெச்சிருக்கேன். நடிக்கிறான்னு அர்த்தம். இப்ப நான் போயி அங்க உக்காந்துக்கிட்டு, முடியல சார்னு... வாய் வரலம்மா."

அதைக் கேட்டதும் கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அந்தப் பையன்கள் யாரும் அவரைக் குளிப்பாட்ட வரப்போவதில்லை. அந்தப் பிரியாணியை நான் மட்டும் சாப்பிட்டேன். டாக்சியில் அவர் பின்சீட்டில் படுத்தபடி வந்தார். அந்த வாரம் முழுக்கக் கட்டிலைவிட்டு எழவில்லை.

முடிவு வந்தது. பணியில் ஏற்பட்ட காயம்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் பாதிப்பின் அளவில் மாற்றமில்லை. விசாரணையின்போது மனுதாரர் உதவியின்றிக் குனிந்து நிமிர்ந்தது கவனத்தில் கொள்ளப்பட்டது. ஆகவே குடும்பத்துக்கான உதவி இல்லை. இதற்கு மேல் முறையிட வழியும் இல்லை.

அந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த இளைஞன் தமிழ்ப் பையன்தான்.

"தம்பி, அன்னிக்குக் குனிஞ்சதப் பாத்தாங்க. அதுக்கப்புறம் ஒரு வாரம் படுத்திருந்தாரே, அத யாரு பாத்தா?"

"ஆன்ட்டி, புரியுது. ஆனா போர்டு அன்னிக்குப் பாத்தத வெச்சுத்தான் டிசைட் பண்ணும். ரொம்ப சாரி ஆன்ட்டி."

அவனைத் திட்டி என்ன பயன்? நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். இவரைத் திட்டியும் பயனில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள்கூடக் கிடைக்காததுதான் அன்றைக்கு என்னை அதிகமாக வதைத்தது.

இப்போது சாங்கி விமான நிலையத்தில் ஒரு கடையில் காலை ஷிஃப்ட் போகிறேன். மதியம் பக்கத்து வீட்டு மலாய் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். போன மாதம் இவர் குளியலறையில் விழுந்ததை அந்த அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "சும்மா வழுக்குச்சு" என்றார்.

மறுநாளே ஆளைக் கூப்பிட்டுச் சுவரில் பிடிகம்பி போடவைத்தேன். ஓட்டை போடும் சத்தம் கேட்டு, இதெல்லாம் கிழவனுக்குப் போடுவது என்று வரவேற்பறையிலிருந்து முணுமுணுத்தார். அன்று சாயங்காலம் குளிக்கப் போனவர் கதவை முழுசாகச் சாத்தவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் நின்றிருந்தார். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போனேன்.