பதினோரு படகுகளின் பட்டை

2024 மார்ச் 4, திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு ஜீவமணியின் கைப்பேசியில், கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி என்றிருந்த இரண்டு விற்பனைப் பகுதிகளும் ஒன்றாகின்றன. இனி ஒரே பிரதிநிதிதான். அது யார் என்பது மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் 14-க்குள் சொல்லப்படும். இருந்ததே இரண்டு பேர். தூத்துக்குடிக்கு ஜீவமணி, திருநெல்வேலிக்குச் சுந்தர்சிங்.

படித்ததும் ஜீவமணி தேடியது, சுந்தர்சிங் என்ன பதில் போட்டிருக்கிறான் என்பதைத்தான். கும்பிடுகிற கை ஒன்று போட்டிருந்தான். அதற்கு மண்டல மேலாளர் ஒரு பூ போட்டிருந்தார். ஜீவமணியும் கும்பிடு போட்டார். சாயந்தரம் வரை பார்த்தார். பூ வரவில்லை.

படகுப் பெயின்ட் விற்கும் அந்த வேலையில் அவர் சேர்ந்தது 1998 பிப்ரவரி 2. அப்போது அது உள்ளூர்க்காரர் ஒருவருடைய கம்பெனி. 2007-இல் சென்னைக்காரர்கள் வாங்கினார்கள், பெயர்ப்பலகை மாறியது. 2016-இல் மும்பைக்காரர்கள் வாங்கினார்கள், குடோன் போனது. 2022-இல் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கியது. ஆபீசே கைப்பேசிக்குள் போய்விட்டது. பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராகக் கழிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஜீவமணி தப்பினார். கடற்கரை அவர் கையில் இருந்ததுதான் காரணம்.

சுந்தர்சிங் நாசரேத்துக்காரர். சாயர்புரம் கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. பட்டப்படிப்பில் ஜீவமணிக்கு அறுபத்து நான்கு சதவீதம், சுந்தர்சிங்குக்கு அறுபத்தொன்று. இந்த மூன்றை ஜீவமணி ஒரு நாளும் மறந்ததில்லை. 2011-இல் ஆள் எடுக்கிறார்கள் என்று சுந்தர்சிங்குக்குச் சொன்னவரும் ஜீவமணிதான். வந்தவன் வீட்டுப் பெயின்ட் விற்றான். மூன்றே வருடத்தில் மேலாளர்கள் அவனைச் 'சுந்தர்' என்று கூப்பிட்டார்கள். இவர் 'மிஸ்டர் ஜீவமணி'யாகவே இருந்தார். கூட்டத்தில் சுந்தர்சிங் வாயைத் திறந்தால் எல்லாரும் சிரித்தார்கள். அதே நகைச்சுவையை ஜீவமணி ஒருமுறை மதுரைக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. ஐம்பத்து நான்கு வயதில் அவனுக்குத் தலை நரைக்காததுகூட இவருக்குத் தனக்கு இழைத்த அநியாயமாகத் தோன்றியது.

"அந்த மனுசன் போன் வந்தாலே மூஞ்சியத் தூக்கிக்கிடுதிய. அவரு உங்களுக்கு என்ன செஞ்சாரு?" என்று மனைவி ஈவாஞ்சலின் கேட்டாள். என்ன செய்தான் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

இங்கே பட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். விசைப்படகின் உடலுக்கு அரசு சொன்ன நிறம். ஆனால் மேல் விளிம்பை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு ஓடும் பட்டை அந்தந்த வீட்டுக்கு உரியது. படகு துறைமுக வாயிலில் நுழையும்போதே பட்டையைப் பார்த்து யார் வீட்டுப் படகு என்று கரையில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். பட்டை மாறினால் படகு கைமாறிவிட்டது என்று பொருள், விசாரிக்கக்கூட மாட்டார்கள். அந்த நிறங்கள் கடையில் கிடைப்பவை அல்ல. எந்த வீட்டுக்கு எந்த டின்னில் எத்தனை பங்கு என்ற கலவைக் கணக்கு அறுபத்து நான்கு படகுகளுக்கும் ஜீவமணிக்குத்தான் தெரியும். தடைக்காலத்தில் படகுகள் கரையேறியதும் அவரே படகு பழுதுபார்க்கும் தளத்துக்குப் போய் நின்று கலந்து கொடுப்பார்.

மார்ச் 11 அன்று, அந்தக் கலவைகளை எல்லாம் செயலியில் பதியச் சொல்லி உத்தரவு வந்தது. பதிந்தால் சுந்தர்சிங்கும் அதைத் திறந்து பார்க்கலாம். ஜீவமணி இரண்டு நாள் பதியாமல் வைத்திருந்தார். கடைசியில் ஐம்பத்து மூன்று படகுகளுக்குச் சரியாகப் பதிந்தார். கரையில் பெயர்பெற்ற பதினோரு வீட்டுப் படகுகளுக்கு வாய்க்கு வந்த பங்குகளைப் போட்டார். கம்பெனி எத்தனையோ விவரம் கேட்டிருக்கிறது. ஒன்றையும் எடுத்துப் பார்த்ததில்லை. திருடவருகிறவன் சுந்தர்சிங் மட்டும்தான். அவன் தளத்தில் நின்று தப்பும் தவறுமாகக் கலந்து நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதை நினைத்துப் பார்த்து அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

இந்தமுறை கம்பெனி எடுத்துப் பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல், தொழிற்சாலையிலேயே கலந்து, படகின் பதிவு எண்ணை ஒட்டி, டின்களை நேரே தளத்துக்கு அனுப்பிவிட்டது. மே 6 அன்று லாரி வந்தபோது ஜீவமணி திருச்செந்தூர் பக்கம் போயிருந்தார். டின்னில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பெயின்ட் அடிக்கிறவர்கள் அடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழரைக்கு எமில்டாவிடமிருந்து போன். கணவர் சிலுவை இறந்தபின் ஏழு வருடமாக ஒற்றையாளாகப் படகை நடத்துகிறவர். கொழுந்தன் ஜெஸ்டினோடு பேச்சுவார்த்தை இல்லை. பங்கு பிரித்ததில் வந்த தகராறு. தளத்துக்கு வரச்சொன்னார். ஜீவமணி போனார். சிலுவை வீட்டுக் கருஞ்சிவப்புப் பட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஜெஸ்டின் வீட்டு ஆரஞ்சு, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்புக்குச் சிவப்பு நாலு, கறுப்பு ஒன்று. ஜீவமணி பதிந்திருந்தது சிவப்பு மூன்று, மஞ்சள் இரண்டு.

எமில்டா சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, நான் எங் கொழுந்தனுக்குப் படக வித்துட்டேனாம். ராத்திரியே ஊரெல்லாம் பேச்சு. எங்கிட்ட தொழில் பாக்குத ஒம்பது பேருல ஆறு பேரு வேற படகுக்குச் சொல்லி வச்சுட்டானுவ. ஜெஸ்டின் பொண்டாட்டி கோயில்ல என்னப் பாத்துச் சிரிக்கா. இத எவன் கலந்தது?"

மெசின் கலந்தது என்றார் ஜீவமணி.

"மெசினுக்கு எவன் சொன்னது?"

இரண்டு நாளில் பதினோரு வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது.

மே 22 பிற்பகல் மூன்று மணிக்கு மண்டல மேலாளர் வீடியோவில் வந்தார். யாருடைய கணக்கிலிருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு அந்தப் பதினோரு பதிவும் போடப்பட்டன என்பதைத் திரையில் காட்டினார். ஜீவமணி கைத்தவறு என்றார். ஐம்பத்து மூன்றில் வராத தவறு பதினொன்றில் மட்டும் எப்படி வந்தது என்று மேலாளர் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ்டர் ஜீவமணி, மார்ச் அஞ்சாம் தேதியே சுந்தர் எனக்கு மெயில் போட்டுட்டார். கடற்கரை ஏரியாவை ஜீவமணியால மட்டும்தான் பார்த்துக்க முடியும், போஸ்ட்டை அவருக்கே குடுங்க, நான் விலகிக்கிறேன்னு. நாங்களும் அப்படித்தான் முடிவு பண்ணி வச்சிருந்தோம். இப்போ எங்களுக்கு வேற வழி இல்லை."

மே 31 ஜீவமணிக்குக் கடைசி நாள். இருபத்தாறு வருடம், மூன்று மாதம், முப்பது நாள்.

ஜூன் 3 அன்று சுந்தர்சிங் ஜீவமணியின் மாப்பிள்ளையூரணி வீட்டுக்கு வந்தார். ஈவாஞ்சலின் காப்பி கொடுத்தாள்.

"மக்கா, நான் இதுக்கு ஆசப்படல. உனக்கே தெரியும்" என்றார். "தெரியும்" என்றார் ஜீவமணி. தெரிந்ததுதான் தாங்கமுடியவில்லை. பொறாமைப்பட ஒரு காரணம் வேண்டும் என்று பதிமூன்று வருடம் தேடியவருக்கு, அவன் தன்னைவிட நல்லவன் என்ற காரணம் இப்போதுதான் கிடைத்தது. மூன்று சதவீதத்தைப்போல அதைத் திருப்பிச் சொல்லி ஆறிக்கொள்ளவும் முடியாது.

பதினோரு படகின் சரியான கலவையைச் சுந்தர்சிங் கேட்டார். பொய்யாக ஒன்றிரண்டைச் சொல்லலாமா என்று அப்போதும் ஜீவமணியின் மனம் ஒருமுறை ஓடியது. எமில்டாவின் முகம் வந்தது. பதினொன்றையும் சரியாகச் சொன்னார். சுந்தர்சிங் எழுதிக்கொண்டார், எழுதியதை வாசித்துக் காட்டினார். எமில்டாவுக்குக் கறுப்பு ஒன்றா இரண்டா என்று மறுபடியும் கேட்டார். ஒன்று என்றார் ஜீவமணி.

ஜூன் 15 விடியற்காலை படகுகள் கடலுக்குப் புறப்பட்டன. ஜீவமணி வேலையில்லாமலே துறைமுகத்துக்குப் போய் நின்றார். எமில்டாவின் படகு கருஞ்சிவப்புப் பட்டையோடு கிளம்பியது. ஒன்பது பேரும் ஏறியிருந்தார்கள். எமில்டா அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, அந்தச் சுந்தர்சிங் அண்ணாச்சி வெயில்ல நின்னு, அவிய கையாலயே கலந்து குடுத்தாவ. அச்சு அசலா எங்க வீட்டுக்காரரு இருந்தப்போ இருந்த நெறம். நல்ல மனுசன், என்ன?"

ஜீவமணி பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருஞ்சிவப்பு சரியாகத்தான் இருந்தது. கொஞ்சமாவது பிசகியிருக்கிறதா என்று, படகு வாயிலைத் தாண்டும்வரை பார்த்தார்.

"ஆமா" என்றார்.