தபால்காரருக்கு நான் கொடுத்த நோய்

மருத்துவக் கல்லூரியில் மனநோய்ப் பாடம் எங்களுக்கு மூன்றே வாரம்தான். அதற்குள் உலகத்தில் ஒருவருக்கும் புத்தி முழுசாகச் சரியில்லை என்று தெரிந்துகொண்டு, விடுமுறைக்கு வண்டன்மேடு வந்து சேர்ந்தேன். அங்கே ஏலக்காய்த் தோட்டமொன்றில் அப்பா கிளார்க். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். அது ஒரு நோய் என்றேன். அம்மாவுக்குத் தூக்கமில்லை, மனச்சோர்வு என்றேன். "உங்கப்பா விடுற குறட்டைல எவளுக்குடி தூக்கம் வரும்?" என்றாள். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

தோட்டத்துத் தபால் பையைக் காட்டு வழியே மூன்று மைல் சுமந்து தபாலாபீசுக்குப் போய்வர ஒருவர் இருந்தார். போடிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ஒருநாள் காலையில் அவர் தனியாக, உரக்கப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்தேன். எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. பேசினார், நின்றார், காது கொடுத்துக் கேட்டார், மறுபடி பேசினார். இல்லாத குரலுக்குப் பதில் சொல்வது! பாட நோட்டில் எழுதியிருந்தது அப்படியே கண்முன்னால் நடந்து போனது. கண்டுபிடித்துவிட்ட பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். மகள் டாக்டராகப்போகிற பெருமையில் அவர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பையைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்க "அந்தாளுக்குப் பிராந்து, பைத்தியம்" என்று பரவிவிட்டது.

புதியவன் வெற்றிலையை அடக்கிக்கொண்டு வாய் திறக்காமல் நடக்கிறவன். மூன்றாம் நாள் பையும் இல்லாமல், துண்டும் இல்லாமல் ஓடிவந்தான். வளைவில் யானை நின்றிருந்ததாம்.

அப்புறம் லயத்தில் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்த வழியில் போகிறவர்கள் எல்லோரும் உரக்கப் பேசிக்கொண்டுதான் போவார்கள். மனிதக் குரல் தூரத்திலேயே கேட்டால் யானை ஒதுங்கிவிடும். நடுவில் நிற்பது, கிளை முறியும் சத்தம் வருகிறதா என்று கேட்க. அப்பாவும் மேனேஜரும் நானும் ஜீப்பில் போகிறவர்கள், எங்களுக்கு எங்கே தெரியும்?

வெட்கம் பிடுங்கித் தின்ன, தபால்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிதான் பேசினாள்.

"எல்லாருந்தேன் பேசிட்டுப் போவாக. டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு சொன்னா வேற என்னமோ இருக்கும்னு நாங்களே பயந்துட்டோம். மூணு நாளா சோறு எறங்கல, தூக்கமில்ல. பிள்ளைககிட்டக்கூட ஒரு வார்த்த இல்ல தாயி."

பசியில்லை, தூக்கமில்லை, பேச்சில்லை. இப்போது நிஜமாகவே நோட்டில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். பாவி!

அப்பாவோடு சண்டை போட்டு அந்த வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் தபால்காரர் கிளம்பினார், சத்தமே இல்லாமல்.

"பேசிட்டே போங்கண்ணே!"

"பேசினாப் பிராந்துங்காக."

யானை நின்ற அதே வழி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன். என்னத்தைக் கத்துவது? மனப்பாடமாக இருந்தது பாடம் ஒன்றுதான். "காரணமில்லாத பயம்! இல்லாத குரல் கேட்பது! குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று காட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே நடந்தேன்.

அரை மைல் பொறுத்தார். வளைவு வந்ததும் நின்று, கையை வாயருகே குவித்துக்கொண்டு யானைக்குக் குரல் கொடுத்தார்.

"பெரியவரே! சாமி! கொஞ்சம் ஒதுங்கிக்கங்க. டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு வருது. அது கண்ணுல மட்டும் பட்டுறாதீக, ஒங்களுக்கும் பிராந்துன்னு எழுதிக் குடுத்துரும்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாயை மூடிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.