விசில் ஊதியவர்

மாலை ஐந்து பத்துக்கு மகளின் போன் அணைந்துபோனது. காலையில்தான், "கிரேக்கத் தத்துவம் படிச்சா சோறு கிடைக்குமா?" என்று அவளைத் திட்டியிருந்தேன்.

அவளைத் தேடித் திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் அலைந்த என்னை நேரக்காப்பாளர் கூப்பிட்டு விசாரித்தார். காக்கிச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. பேச்சின் நடுவே விசில் ஊதிப் பேருந்துகளைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"கிரேக்கமா? சாக்ரடீசு விசம் குடிச்ச ஊருல்லா!"

விசம் என்றதும் மறுபடி மகளின் எண்ணை அழுத்தினேன். அவர் ஒரு விசில் ஊதிவிட்டுத் திரும்பினார்.

"பயப்படாதேயும் வே. அவரு எழுவது வயசு வரைக்கும் பேசிக்கிட்டேல்லா இருந்தாரு. உம்ம பிள்ளைய ரெண்டு வார்த்தை பேச விட்டீரா?"

இப்போதும் அங்கே போனால் அவரைத் தேடுகிறேன். அன்று பெயர்கூடக் கேட்கவில்லை. அதற்குள் கல்லிடைக்குறிச்சித் தோழி வீட்டிலிருந்து மகள் வந்து இறங்கிவிட்டாள்.

"போன்ல சார்ஜ் இல்லப்பா. நான் தத்துவந்தான் படிப்பேன், ஏன்னா..."

முதல்முறையாக நான் குறுக்கே பேசவில்லை.